வில்லா, வுட்டா: வெள்ளவத்தையில் எட்டுச் சனிக்கிழமைகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில், பெயர்ப்பலகை இல்லாமல் ஓர் ஆங்கில இலக்கண வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வகுப்பைப் பற்றி எழுதப் போகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, பன்னிரண்டாவது ஆள் வந்தால் உட்காரக் கதிரை இல்லை" என்றார். ஆகவே பெயர் இல்லாமலே இந்த மதிப்புரை. தேடிப் போக விரும்புகிறவர்கள் அந்தப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளில் 'வுட் மிஸ் வீடு எது' என்று கேட்டால் கை காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். கோபிப்பதில்லை.

எட்டுச் சனிக்கிழமைகள், பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை. கட்டணம் 8,000 ரூபா, வினாத்தாள்களுக்கு மேலதிகமாக 600 ரூபா. சோதனைகளில் வரும் பல்தேர்வு வினாக்களில் 'வில்' (will) எங்கே, 'வுட்' (would) எங்கே என்பது மட்டும்தான் பாடம். வேறொன்றும் இல்லை. இதைக் கேட்ட என் முதலாளி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இரண்டு சொல்லுக்கு எட்டாயிரமா? அப்படியென்றால் ஒரு சொல் நாலாயிரம். மொத்த விலைக்குத் தர மாட்டார்களா?" வியாபாரியின் கணக்கு வியாபாரிக்கு.

நான் பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான்கள் இறக்குமதி செய்யும் கடையொன்றில் பத்தொன்பது வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். ஆணி, பிணைச்சல், பூட்டு, குழாய். நாற்பத்தொரு வயதில் பகுதிநேர டிப்ளோமா ஒன்று படிக்கலாம் என்று ஆசை வந்தது. விண்ணப்பித்த இடத்தில் முதலில் ஓர் ஆங்கிலத் தகுதிச் சோதனை வைத்தார்கள். நாற்பது வினாக்கள், முப்பது நிமிடம், சித்தியடைய 24 புள்ளி. நான் எடுத்தது 17. விடைத்தாளைப் பார்க்க ஐந்து நிமிடம் தந்தார்கள். கணக்கு எழுதுகிறவளிடம் ஐந்து நிமிடம் தந்தால் போதும். பிழையான 23இல் 9 ஒரே குழியில் விழுந்தவை. நிபந்தனை வாக்கியம், அயற்கூற்று, பணிவான கோரிக்கை என்று ஒவ்வொன்றும் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. உள்ளே இருந்தது இந்த இரண்டு சொற்கள்தான்.

அதற்கு முன்னரே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. சீனாவிலிருந்து எங்களுக்குப் பிணைச்சல் அனுப்பும் நிறுவனத்துக்கு, மீதிப் பணத்தை 15ஆம் திகதி கட்டுவோம் என்று மின்னஞ்சல் எழுதினேன். 'வில்' என்றால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், 'வுட்' என்றால் மரியாதை என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் இருந்ததால் 'வீ வுட் பே' என்று அடித்துவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: என்ன நிபந்தனையின் பேரில் கட்டுவீர்கள்? நான் நிபந்தனை எதுவும் போடவில்லையே என்று அரை மணித்தியாலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிபந்தனையை அந்த ஒற்றைச் சொல் போட்டுவிட்டிருந்தது.

வகுப்புக்குப் போவதற்கு முன்னர் மலிவான வழியையும் முயன்று பார்த்தேன். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் 350 ரூபாவுக்கு ஒரு வினாத் தொகுப்பு கிடைத்தது. பின்பக்கத்தில் விடைகள் வெறும் எழுத்துகளாக வரிசை கட்டி நின்றன. ஏன் என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. 'நான் நீயாக இருந்தால்' என்று தொடங்கும், எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வாக்கியத்துக்குக்கூட 'வில்' சரி என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு விடை பிழை என்று தெரிந்த பிறகு மற்ற விடைகளை எப்படி நம்புவது? மீதி இடிக்கும் பேரேடு மாதிரி. மூடி வைத்துவிட்டேன்.

வகுப்புக்குச் சனிக்கிழமை வேலை முடிந்து கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் போவேன். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்பது ஒரு லாபம். 100, 101ஆம் இலக்க பஸ்களும் காலி வீதி வழியாகத்தான் போகின்றன. ஆனால் சனிக்கிழமைப் பிற்பகலில் அவற்றில் நின்றுகொண்டு போவதை எதிரிக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அறை சிறியது. பதினொரு கதிரைகள், ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மின்விசிறி. மின்விசிறியைக் கூட்டினால் தாள் பறக்கும், குறைத்தால் வியர்க்கும். ரயில் போகும்போதெல்லாம் மிஸ் வாயை மூடிக்கொண்டு சுட்டுவிரலை உயர்த்திக் காத்திருப்பார். ரயில் போனதும் நிறுத்திய அதே எழுத்திலிருந்து தொடங்குவார். எங்கள் அணியில் வெளிநாடு போகத் தயாராகும் ஒரு தாதி, ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் ஒரு தம்பி, தெஹிவளையிலிருந்து வரும் இரண்டு சிங்களச் சகோதரிகள், வங்கிச் சோதனைக்குப் படிக்கும் மூன்று பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். வயதில் மூத்தவள் நான்.

முதல் வகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 'வில்' எதிர்காலம், 'வுட்' அதன் இறந்தகால வடிவம் என்ற பழைய பாட்டையே மறுபடி பாடப் போகிறார் என்று நினைத்தேன். கொடுத்த காசுக்கு எட்டாவது வகுப்பு வரையாவது வர வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் இரண்டாம் வாரம் போனேன்.

அந்த இரண்டாம் வாரத்துக்கே எட்டாயிரம் தகும். மிஸ் பலகையில் ஆங்கிலமே எழுதவில்லை. தமிழில் ஒரு வரி: 'காசு இருந்தால் வீடு வாங்குவேன்.'

"இதைச் சொல்கிற ஆளுக்குக் காசு வருமா, வராதா?"

"வரும் மிஸ். கடன் எடுத்தால் வரும்" என்றார் தாதி.

"வெள்ளவத்தையில் வீடு என்றால் இந்த ஜென்மத்தில் வராது" என்றான் ஹோட்டல் தம்பி.

சிரித்து முடித்ததும் மிஸ் சொன்னார்: இரண்டு பேரும் சரி. தமிழ் இந்த விடயத்தைக் கேட்கிறவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. முகத்தைப் பார்க்கிறோம், குரலைக் கேட்கிறோம், பேசுகிறவரின் வங்கிக் கணக்கு நமக்கு ஓரளவு தெரியும், புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. எழுதுகிறவரையே பிடித்து நிறுத்திக் கேட்கும்: இது நடக்கக்கூடியதா, அல்லது சும்மா கற்பனையா? நடக்கக்கூடியது என்றால் முன்பாதியில் 'ஹாவ்' (have), பின்பாதியில் 'வில்'. கற்பனை என்றால் முன்பாதியில் 'ஹாட்' (had), பின்பாதியில் 'வுட்'. தமிழில் இரண்டுக்கும் அதே 'இருந்தால்', அதே 'வாங்குவேன்'.

அதோடு நிற்கவில்லை. 'இருந்தால்' என்ற சொல்லை இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே 'இருந்த' இருக்கிறது. 'வந்தால்' என்பதற்குள் 'வந்த', 'பெய்தால்' என்பதற்குள் 'பெய்த'. நாளைக்குப் பெய்யப் போகும் மழையைச் சொல்வதற்கே நாம் நேற்றைய மழையின் உருவத்தைத்தான் எடுக்கிறோம். நாற்பத்தொரு வருடமாகப் பேசுகிற மொழி. ஒரு நாளும் எனக்கு இது கண்ணில் பட்டதில்லை. நம் பிள்ளைகள் 'நாளைக்கு மழை பெய்தால்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பாதிப் பேர் இறந்தகால வினையைப் போடுவதற்கும், அதற்குப் பயந்த மறுபாதி 'இஃப்' பக்கத்திலேயே 'வில்' போடுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்றார்.

"அப்படியானால் அந்த 'ஹாட்' இறந்தகாலம் இல்லையா மிஸ்?" என்று கேட்டேன்.

"உருவம் இறந்தகாலம். வேலை வேறு. ஒரு அடி தள்ளி நிற்கிறேன் என்று சொல்வது அதன் வேலை. நேற்றைக்குத் தள்ளி நிற்கலாம், நிஜத்திலிருந்து தள்ளி நிற்கலாம், எதிரில் இருக்கிற ஆளிடமிருந்தும் தள்ளி நிற்கலாம். 'வுட் யூ' என்று கேட்டால் ஏன் பணிவு? பெரியவர்கள் முன் ஓர் அடி தள்ளித்தானே நிற்கிறோம்?"

அன்றைக்கு என் கொப்பியில் எழுதியது அந்த ஒன்றைத்தான். 'வுட்' என்பது ஓர் அடி தள்ளி நிற்கும் 'வில்'. அயற்கூற்று, கற்பனை, பணிவு என்று தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவை எல்லாம் ஒரே கணக்கின் கிளைகளாகத் தெரிந்தன.

சோதனையில் இதை எப்படிப் பயன்படுத்துவது? "இடைவெளியைப் பார்க்காதீர்கள், பக்கத்து வீட்டைப் பாருங்கள்" என்பது மிஸ்ஸின் தாரக மந்திரம். வினாத்தாள் தயாரிக்கிறவர் இடைவெளிக்கான விடையை வாக்கியத்தின் மற்றப் பாதியில் வைத்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் இரண்டு விடையும் சரியாகிவிடும். எனக்கு இது உடனே விளங்கியது. இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் 'ஹாட்' என்று பதிந்திருந்தால் மறுபக்கம் 'வுட்' என்று பதியாமல் மீதி ஒத்துப்போகாது. நான் இப்படிச் சொன்னதும் மிஸ் "அதை அடுத்த அணிக்கும் சொல்கிறேன்" என்றார். சொன்னாரோ தெரியாது.

'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' வகையைப் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டோம். அங்கே தமிழே கைகொடுக்கிறது. 'வாங்கியிருப்பேன்' என்று சொன்னவர் வாங்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. 'வுட் ஹாவ்' தானாக வந்து உட்காரும்.

மூன்றாவது வாரம் 'என்று'. 'நான் வருவேன் என்று அவர் சொன்னார்.' தமிழில் 'என்று' ஒரு பெட்டி. அதற்குள் யார் என்ன சொன்னாரோ அதை அப்படியே மடித்து வைத்துவிடலாம். வெளியே 'சொன்னார்' என்று இறந்தகாலம் வந்தாலும் உள்ளே 'வருவேன்' கசங்காமல் இருக்கும். ஆங்கிலத்தில் வெளியே 'செட்' (said) வந்தவுடன் உள்ளே இருக்கும் 'வில்' ஓர் அடி பின்னால் போய் 'வுட்' ஆகிவிடுகிறது. 'சேய்ஸ்' (says) என்றால் போக வேண்டியதில்லை. அவர் வரப்போவது நாளைக்குத்தான், இன்னும் வரவில்லை என்றால் 'செட்' போட்ட பிறகும் 'வில்' சொல்கிற ஆங்கிலேயர்கள் இருக்கிறார்கள், ஆனால் சோதனைத்தாளில் 'வுட்' போடுங்கள், தர்க்கம் பேசாதீர்கள் என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. பேச்சு வழக்கு இது, சோதனையின் எதிர்பார்ப்பு அது என்று பிரித்துச் சொல்கிற ஆசிரியர்கள் குறைவு.

நான்காவது வாரம் மிஸ் ஒவ்வொருவரையும் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று தமிழில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்: "அப்பா எங்களைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். இறால் வடை வாங்கித் தருவார். தம்பி பட்டம் விடுவான்."

"போவார், தருவார், விடுவான். இது என்ன காலம்?"

"எதிர்காலம்" என்று வகுப்பே சொன்னது.

"அப்படியானால் அப்பா இனிமேல்தான் கூட்டிக்கொண்டு போகப் போகிறாரா?"

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் அதைச் சொல்லவில்லை. மிஸ் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு, பலகைப் பக்கம் திரும்பி, பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வினையை எடுக்கிறது, ஆங்கிலம் 'வுட்' எடுக்கிறது என்று எழுதினார். நம் காதுக்கு 'போவார்' என்றால் எதிர்காலம், எதிர்காலம் என்றால் 'வில்' என்று ஓடிவிடுகிறோம். சோதனையில் 'நான் சிறுவயதில் இருந்தபோது' என்று ஒரு துண்டு பக்கத்து வீட்டில் இருக்கும். அதைப் பார்த்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் 'வுட்'. நீடித்த நிலைக்கு ஆகாது. காலிமுகத்திடலுக்குப் போவோம் என்பதற்கு 'வுட் கோ' சரி. கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம் என்பதற்கு 'வுட் லிவ்' பிழை, 'யூஸ்ட் டு லிவ்' என்றுதான் வர வேண்டும். வங்கிச் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் மூவரும் இதில் ஒன்றாக விழுந்தார்கள். நானும்தான்.

சிங்களச் சகோதரிகளுக்கு இந்த வகுப்பில் கொஞ்சம் அநியாயம் நடந்தது என்றுதான் சொல்வேன். மிஸ் சிங்களம் நன்றாகப் பேசுவார், விளக்கமும் கொடுப்பார். ஆனால் ஆழமான உதாரணங்கள் எல்லாம் தமிழில் வந்து விழுந்தன. மூத்த சகோதரி ஒரு நாள் இடைவேளையில், பேச்சுச் சிங்களத்தில் 'யனவா' என்றால் போகிறேன் என்றும் ஆகும், நாளைக்குப் போவேன் என்றும் ஆகும், எங்கள் சிக்கல் உங்கள் சிக்கலைவிட ஒரு படி முன்னாலேயே தொடங்குகிறது என்றார். மாலுபாணும் பிளேன்டீயுமாக நாங்கள் இருவரும் இருபது நிமிடம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சை மிஸ் வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கலாம்.

ஐந்தாம் வாரம் கொழும்பு ஆங்கிலம். 'கடை திங்கட்கிழமை மூடப்படும்' என்பதை 'வுட் பி குளோஸ்ட்' என்று எழுதி ஒட்டிய அறிவித்தல்களை இந்த நகரத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. கூட்டம் நடைபெறும் என்பதற்கும் 'வுட்', பொருள் அனுப்பி வைக்கப்படும் என்பதற்கும் 'வுட்'. பணிவு என்று நினைத்து எல்லா இடத்திலும் தூவுகிறோம். மிஸ் ஒரு வைத்தியம் சொன்னார். 'வுட்' எழுதியவுடன் 'எது நடந்தால்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் இருந்தால் வைத்திருங்கள், இல்லாவிட்டால் 'வில்' போடுங்கள். கடை மூடப்படும், எது நடந்தால்? ஒன்றும் நடக்க வேண்டாம், போயா விடுமுறை, மூடப்படும் அவ்வளவுதான். என் சீனத்து மின்னஞ்சலை அன்றைக்கு வகுப்பில் ஒப்புக்கொண்டேன். தாதி சிரித்துவிட்டு, தான் விடுமுறைக் கடிதத்தில் இதையே செய்ததாகச் சொன்னார்.

அதே வாரம் ரயில் இரண்டு தடவை பாடத்தைக் குறுக்கிட்டதில் பேச்சு வேறு பக்கம் போனது. 'வில்' என்ற சொல்லின் பழைய பொருள் விரும்புதல் என்றார் மிஸ். அதனால்தான் சாகிறவர் தன் விருப்பத்தை எழுதிவைக்கும் தாளுக்கும் அதே பெயர். நாம் அதைத்தான் உயில் ஆக்கிக்கொண்டோம். கார் கிளம்பாதபோது ஆங்கிலத்தில் 'வோன்ட் ஸ்டார்ட்' என்கிறார்களே, அது எதிர்காலமே இல்லை, காருக்கு விருப்பமில்லை என்கிற பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் 'ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது' என்றுதானே சொல்கிறோம்? இதைக் கேட்டதும் ஹோட்டல் தம்பி மேசையைத் தட்டினான். 'வுட்' என்பதில் உச்சரிக்காத 'எல்' ஒரு காலத்தில் ஒலித்த எழுத்து. 'குட்' (could) என்று ஒலிக்கும், முடியும் என்பதன் இறந்தகாலச் சொல்லில் இருக்கும் 'எல்' மட்டும் இதைப் பார்த்துப் பொறாமையில் ஒட்டிக்கொண்டது என்றும் சொன்னார். சோதனைக்கு இதில் ஒரு புள்ளியும் இல்லை. எனக்கு மறக்கவே மறக்காது.

இனி குறைகள்.

முதலாவது, 'இஃப்' பக்கத்தில் 'வில்' வரவே வராது என்று மிஸ் கல்வெட்டு மாதிரி சொன்னார். ஹோட்டல் தம்பி கை உயர்த்தினான். "நாங்கள் தினமும் விருந்தினரிடம் 'இஃப் யூ வில் ஃபாலோ மீ, சேர்' என்று சொல்கிறோமே மிஸ், அது பிழையா?" நல்ல கேள்வி. அது பிழை இல்லை. அங்கே 'வில்' எதிர்காலம் சொல்லவில்லை, தயவு செய்து என்னோடு வர விரும்பினால் என்கிற அதே பழைய விருப்பப் பொருளில் வருகிறது. உயில் கதை சொன்ன மிஸ்ஸுக்கு இது தெரியாமலிருக்காது. ஆனால் "சோதனையில் அதைக் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார். அந்தத் தம்பியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். நாளும் பொழுதும் சரியாகப் பேசுகிற ஒரு வாக்கியத்தின் மேல் அவனுக்குச் சந்தேகத்தை விதைத்து அனுப்பிவிட்டார்.

இரண்டாவது, நேரம் வைத்துப் பயிற்சி தருவதே இல்லை. வினாத்தாளை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். நாற்பது வினாவுக்கு முப்பது நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு 45 விநாடி. பக்கத்து வீட்டைப் பார்க்கலாம், ஆனால் வீட்டுக்குள் போய்த் தேநீர் குடிக்க நேரமில்லை. நான் கைத்தொலைபேசியில் மணி வைத்துத் தனியாகப் பழகினேன்.

மூன்றாவது, போட்டோக்கொப்பிகள் மங்கல். சில தாள்களில் இடைவெளி எது, அழிந்த சொல் எது என்று பிரிக்க முடியவில்லை. இடைவெளியை நிரப்பும் வகுப்பில் இது சின்னக் குறை அல்ல.

நான்காவது, பற்றுச்சீட்டு இல்லை. 8,600 ரூபா வாங்கிக்கொண்டு ஒரு துண்டுத் தாள்கூடத் தராத இடத்தை என் தொழில் மன்னிக்காது. இரண்டாம் வாரம் நானே ஒன்று எழுதிக்கொண்டு போய்க் கையொப்பம் வாங்கினேன். கையொப்பமிடுவதற்கு முன் அதிலிருந்த ஒரு முற்றுப்புள்ளியைத் திருத்தினார்.

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலச் சோதனையான ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனையில் இலக்கணத்துக்கென்று பல்தேர்வுப் பகுதி கிடையாது. எழுத்திலும் பேச்சிலும் புள்ளியிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்றாகத்தான் இலக்கணம் வருகிறது. இந்த வகுப்பின் விளக்கம் உங்கள் எழுத்துக்கு உதவும், ஆனால் இங்கே தரப்படும் வினாத்தாள்கள் உங்கள் சோதனையைப் போல இருக்காது. எங்களோடு வந்த தாதிக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான்காவது வாரம்தான் தெரிந்தது. கட்டிய காசுக்காகக் கடைசி வரை வந்தார். பேச்சில் 'வுட்' குறைந்திருக்கிறது என்று அவரே சொன்னார். இந்த வகுப்பு யாருக்குப் பொருந்தும் என்றால், பல்தேர்வு வினா எழுதப் போகிறவர்களுக்கும், என்னைப் போலப் பல வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி எங்கே பிழை விடுகிறோம் என்றே தெரியாதவர்களுக்கும். அடியிலிருந்து ஆங்கிலம் படிக்க வேண்டியவர்கள் போக வேண்டாம். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களும் தெரியும் என்று எண்ணிக்கொண்டுதான் மிஸ் தொடங்குகிறார்.

தகுதிச் சோதனையை இரண்டாம் முறை எழுதினேன். 31. 'வில்', 'வுட்' சம்பந்தப்பட்ட வினாக்கள் பன்னிரண்டு இருந்தன, பதினொன்று சரி. பிழைத்தது ஒன்று: 'ஐட் பெட்டர்' (I'd better) என்பதில் சுருங்கியிருக்கும் அந்த ஒற்றை எழுத்து எதன் சுருக்கம் என்ற வினா. 'வுட்' என்று போட்டேன். அது 'ஹாட்'. பக்கத்தில் 'ராதர்' வந்தால் 'வுட்', 'பெட்டர்' வந்தால் 'ஹாட்' என்று ஏழாவது வாரம் மிஸ் சொல்லிக்கொடுத்தாராம். ஏழாவது வாரம் கடையில் இருப்புக் கணக்கெடுப்பு. நான் பழைய சோனகத் தெருவில் ஆணிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தவறவிட்ட வகுப்புக்கு மாற்று வகுப்பு இல்லை என்பதையும் குறைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அணி எப்போது என்று விசாரித்தேன், கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை அனுப்பலாம் என்று. தொலைபேசியில் இடம் ஒதுக்க முடியாது, நேரில்தான் போக வேண்டும். மழை நாளில் அந்த ஒழுங்கையில் தண்ணீர் கட்டி நிற்கும், பழைய செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். மேல்மாடிக் கதவில் வகுப்பு 3 மணிக்குத் தொடங்கும் என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது, சரியான 'வில்' போட்டு, மிஸ்ஸின் கையெழுத்தில். நான் போன ஒரு நாளும் அது 3 மணிக்குத் தொடங்கவில்லை. மூன்றேகாலுக்குப் போனால் போதும்.